சாசரின் கிண்டலைப் பிடிப்பது எப்படி? முதல்முறை படிப்பவர்களுக்கு

பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளை மனப்பாடம் செய்திருப்போம். தேவரும் கயவரும் ஒன்று, இருவருமே மனம் போனபடி நடப்பவர்கள் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறளை ரசிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' கஷ்டமே இல்லை. 1387 வாக்கில் தொடங்கி, 1400இல் இறக்கும்வரை அவர் முடிக்காத நூல் அது. லண்டன் பக்கத்துச் சதர்க் விடுதியில் கூடும் யாத்ரீகர்கள், கேன்டர்பரியில் புனிதராக வணங்கப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைத் தரிசிக்கப் போகும் வழியில் கதை சொல்கிறார்கள்.

படி 1: பொது முன்னுரையில் தொடங்குங்கள்

யாத்ரீகர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும் பகுதி இது, மொத்தம் 858 வரிகள். இன்றைய ஆங்கிலத்தில் மாற்றிய பதிப்பே போதும். நான் முதல் தடவை வீரரின் கதையில் தொடங்கி, பாதியில் மூடி வைத்தவன். அதனால் சொல்கிறேன்: முதலில் மடத்துத் துறவி, யாசகத் துறவி, திருச்சபை நீதிமன்றத்தின் சம்மன்காரர், மன்னிப்புச் சீட்டு (பாவத் தண்டனையிலிருந்து விடுவிப்பதாகத் திருச்சபை பெயரில் தரும் சீட்டு) விற்பவர் ஆகிய நால்வரை மட்டும் படியுங்கள். கூடவே ஏழைப் பங்குசாமியாரையும். சொன்னபடியே வாழும் அவர்தான் உங்கள் அளவுகோல்.

படி 2: அவர் செய்ய வேண்டிய வேலை என்ன?

மடத்துத் துறவி மடத்துக்குள் இருந்து ஜெபிக்க வேண்டும், உழைக்க வேண்டும். யாசகத் துறவி ஏழையாக வாழ வேண்டும். இதைத் தாளில் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 3: புகழும் இடத்தில் நில்லுங்கள்

மடத்துத் துறவிக்கு வேட்டை உயிர். நாய்கள் பறவை வேகத்தில் ஓடும். சட்டைக் கையோரத்தில் உயர்ந்த ரோமம், பிடித்த உணவு வறுத்த அன்னம். வேட்டைக்காரன் புனிதன் ஆகமாட்டான் என்ற வாசகத்தை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. சாசர் திட்டுவாரா? 'அவர் சொன்னது சரிதான் என்றேன்' என்று தலையாட்டிவிட்டு நகர்கிறார். பென்சிலால் கோடு போட வேண்டிய இடம் இதுதான்.

படி 4: காசு யாருடையது என்று பாருங்கள்

யாசகத் துறவி நல்ல காணிக்கை கிடைக்கும் இடத்தில் லேசான பரிகாரம் கொடுப்பார். காலில் செருப்பில்லாத விதவையிடமும் ஒரு காசு வாங்காமல் போகமாட்டார். சம்மன்காரருக்கு ஒரு குப்பி திராட்சை ரசம் போதும், ஒருவன் வைப்பாட்டியோடு ஒரு வருடம் வாழலாம்.

படி 5: இப்போது சீட்டு விற்பவரிடம் வாருங்கள்

நூலின் உச்சம் இவர்தான். ரோமிலிருந்து சுடச்சுட வந்த மன்னிப்புச் சீட்டுகள் பை நிறைய. புனிதர்களின் நினைவுப் பொருள்கள் என்று போலிகளையும் காட்டுவார்: தலையணை உறையை மாதாவின் முக்காடு என்பார், கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்பு. பங்குசாமியார் 2 மாதத்தில் பார்ப்பதை இவர் ஒரே நாளில் தாண்டிவிடுவார்.

அவருடைய சொந்த முன்னுரையில் தொழில் ரகசியத்தை அவரே உளறுகிறார். ஆண்டுக்கு 100 மார்க் வருமானம், அதாவது 66 பவுண்டுக்கு மேல். எப்படி? 'வெளியே சொல்ல முடியாத பெரும்பாவம் செய்தவரும், கணவனுக்குத் துரோகம் செய்த பெண்ணும் இந்தத் திருப்பண்டத்துக்குக் காணிக்கை போட முடியாது' என்று அறிவிப்பார். அப்புறம் கூட்டத்தில் எவர் உட்கார்ந்திருப்பார்? எழாதவர் மாட்டிக்கொள்வாரே! இவர் ஓயாமல் பிரசங்கிக்கும் வாசகமோ 'பேராசையே தீமைகளுக்கு வேர்'.

சரி, கதை. மரணத்தைக் கொல்லப் புறப்படும் மூன்று குடிகாரர்கள், மரத்தடியில் பொற்காசுக் குவியலைக் கண்டு, பங்குக்காக ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டுகிறார்கள். புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றான வேதப்ப ஜாதகம் படித்தவர்களுக்கு இது பழக்கமான கதை. போலி ஆசாமி சொல்கிறார் என்றாலும் கதை உலுக்கிவிடும். எனக்கு இதுதான் சாசரின் ஆகப்பெரிய குறும்பாகத் தெரிகிறது.

படி 6: கதை முடிந்ததும் மூடிவிடாதீர்கள்

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தச் சீட்டு விற்பவர் காணிக்கை கேட்டு யாத்ரீகர்களிடமே பையைத் திறக்கிறார். முதலில் கூடவே வரும் சதர்க் விடுதிக்காரரைத்தான் கூப்பிடுகிறார், பெரிய பாவி அவர்தானாம். விடுதிக்காரர் கொச்சையாக ஒரு பதில் கொடுக்கிறார், அதை இங்கே எழுத முடியாது. அத்தனை நேரம் நாக்கை வைத்தே பிழைத்த மனிதர், கோபத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார். கடைசியில் யாத்ரீகர்களில் ஒருவரான வீரர்தான் நடுவே புகுந்து, இருவரும் ஒருவரையொருவர் முத்தமிட்டுச் சமாதானம் ஆகும்படி சொல்கிறார்.