மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு கடல்நிலைத் திரை

பாம்பன், மண்டபம் பக்கத்து மீன் ஏலக்கூடங்களில் ஒரு பழைய டிவியை மாட்டி, ஐதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்புப் பக்கத்தை எந்நேரமும் காட்ட, உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை 4 கணினியே போதும். கீபோர்டும் மவுஸும் அமைக்கும்போது மட்டும் தேவைப்படும்.

இமேஜர் மென்பொருளால் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸை மெமரி கார்டில் எழுதும்போதே பயனர் பெயர், வைஃபை கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். கணினி எழுந்ததும் அதன் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் தானாக உள்நுழையும் வசதியை இயக்கி, திரை அணைவதை நிறுத்துங்கள். 2024 அக்டோபர் முதல் வரும் பதிப்புகளில், பயனரின் கான்ஃபிக் கோப்புறையில் லேப்டபிள்யூசி என்னும் உட்கோப்புறையை உருவாக்கி, அதில் ஆட்டோஸ்டார்ட் என்னும் கோப்பில் குரோமியம் உலாவியை அழைக்கும் வரியை எழுத வேண்டும். உலாவியின் பெயர், பக்கத்தை முழுத்திரையில் காட்டச் சொல்லும், இரட்டைச் சிறுகோட்டுடன் கூடிய கியோஸ்க் என்னும் சொல், பக்கத்தின் முகவரி, இவ்வளவுதான் அந்த வரி. பக்கம் பழையதாகவே நின்றுவிடாதிருக்க, படகுகள் கிளம்புமுன் அதிகாலை 3 மணிக்குக் கணினி மறுபடி தொடங்குமாறு, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் குறித்துவிடலாம்.

இதுவரை அரை மணி நேர வேலை. உண்மையான சோதனை மின்வெட்டில்தான் இருக்கிறது. கார்டில் ஏதேனும் எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதைந்து கணினி எழாமலே போகலாம். நான் வைத்த முதல் கார்டு அப்படித்தான் வீணாயிற்று. ஆகவே எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு, ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறைமையை இயக்குங்கள். அதன்பின் எழுதப்படுவதெல்லாம் கார்டுக்குப் போகாமல் தற்காலிக நினைவகமான ரேமில் தங்கி, மின்சாரம் போனதும் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கணினி நீங்கள் உறையவைத்த நாளின் நிலையிலேயே எழும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பை 4-இல் கடிகார பேட்டரி இல்லை. ஓவர்லேயும் சேர்ந்துகொண்டால், இணையம் வழியாக நேரம் திருந்தும் வரை பழைய தேதியே நிற்கும். புதுப்பிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று உலாவி பக்கத்தை மறுத்துவிடும். ஆட்டோஸ்டார்ட் கோப்பில் உலாவிக்கு முந்தைய வரியாக 30 விநாடி உறக்கக் கட்டளை ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் இது தீரும்.

திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். போன் சார்ஜரை நம்பாமல் 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரையே பயன்படுத்துங்கள். உப்புக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறியைத் தவிர்த்து, வெப்பத்தை வெளியே கடத்தும் மூடிய அலுமினியப் பெட்டியை வாங்குவது நல்லது. ஒயர்கள் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கினால், கூரையிலிருந்து வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் ஓவர்லேயை நிறுத்தி, மென்பொருளைப் புதுப்பித்து, எச்டிஎம்ஐ முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு, மறுபடி இயக்குங்கள்.