கர்ப்பிணியின் வயிற்றில் டேப் வைத்துக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பது எப்படி?

கர்ப்பத்தின் 24 வாரத்துக்கு மேல்தான் இப்படி அளப்பதற்கு அர்த்தம் உண்டு. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அப்புறம் தலையணையில் சற்றே சாய்ந்தபடி மல்லாந்து படுக்க வேண்டும்.

வளையக்கூடிய, இழுத்தால் நீளாத டேப் போதும். எண்கள் இல்லாத பக்கம் மேலே இருக்கட்டும், ஏனென்றால் எண் கண்ணில் பட்டால் கை தானாகவே எதிர்பார்த்த வாரத்தில் போய் நின்றுவிடும் (அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும்). உள்ளங்கையின் ஓரத்தால் நெஞ்சுக்குக் கீழிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் கருப்பையின் மேல் விளிம்பு தட்டுப்படும். அங்கே டேப்பைப் பிடித்து, அடிவயிற்றின் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புவரை இழுத்து, பிறகு திருப்பிப் படியுங்கள்.

சென்டிமீட்டர் கிட்டத்தட்ட வாரக் கணக்கோடு ஒத்துப்போகும், 28 வாரத்தில் 26 முதல் 30 வரை இருந்தால் சரி. கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கினால் அளவு குறையலாம். இரட்டைக் குழந்தை, கருப்பையில் பெரிய நார்க்கட்டி, அதிக உடல் பருமன் என்றால் டேப்பை நம்ப வேண்டாம், ஸ்கேன்தான்.

ஒரே ஒரு அளவைவிட அடுத்தடுத்த அளவுகள் ஏறுகின்றனவா என்பதே முக்கியம், அதனால் முடிந்தவரை ஒரே ஆள் அளப்பது நல்லது. ஏற்றம் நின்றாலோ மந்தமானாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தால் டேப்பைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.