வெண்பன்றி சினை நிற்கவில்லையா? கிடாவை எப்போது விடுகிறீர்கள் என்று பாருங்கள்

"கிடா (ஆண் பன்றி) விட்டேன், சினை நிற்கவில்லை, மலட்டுப் பன்றியைத் தலையில் கட்டிவிட்டான்" என்று மாதவரம், மணலி பக்கம் கொட்டகை வைத்திருப்பவர்கள் சொல்லி அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் பன்றி மலடாக இருக்காது, நாம் கிடா விட்ட நேரம்தான் தப்பு.

முதலில் வாங்கும்போதே பின்பக்கம் பாருங்கள். முகம் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அறை, அதாவது பெண்குறி, வயதுக்குத் தகுந்த அளவில்லாமல் மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தால் உள்ளே கருப்பையும் வளராமல் கிடக்க வாய்ப்புண்டு. அதன் நுனி கொக்கி போல மேலே தூக்கியிருந்தால் கிடா சேரச் சிரமப்படும், அதையும் விட்டுவிடுங்கள். காம்பு 12க்குக் குறையக் கூடாது, உள்ளிழுத்த குருட்டுக் காம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாட்டை வைத்துப் பன்றியைக் கணக்குப் போடக் கூடாது. பன்றியின் கருப்பைக்கு இரண்டு கொம்பு, தாய்ப்பன்றிக்கு ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், காசிமேட்டில் வலைக்கயிற்றைச் சுருட்டிப் போட்டிருப்பார்களே அப்படிச் சுருண்டு கிடக்கும். அவரைக்காய்க்குள் கொட்டை மாதிரி இரண்டு கொம்பிலும் வரிசையாகக் குட்டிகள். கருப்பை வாய்க்குள் மேடுமேடாகச் சதைத் திட்டுகள் ஒன்றோடொன்று பல் கோத்த மாதிரி இருக்கும். கிடாவின் குறி நுனி முறுக்காக இருப்பது அதற்குத்தான், திருகிக்கொண்டு போய் அங்கே பூட்டிக்கொண்ட பிறகுதான் விந்து இறங்கும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகட்டும், பாதியில் குச்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்துவிடாதீர்கள்.

கிடா இல்லாமல் விந்தை உள்ளே செலுத்துகிற சினை ஊசிக் குழாயின் நுனியும் இதே திருகு அமைப்புதான். நான் முதல் தடவை போட்டபோது குழாயை நேராக உள்ளே தள்ளினேன், சுலபமாகப் போகிறதே என்று சந்தோஷப்பட்டேன், பார்த்தால் குழாய் வழியாகச் சூடாக மூத்திரம் என் கையில் வழிகிறது. அறைக்கு உள்ளே அடிப்பக்கமாகவே மூத்திர ஓட்டை இருக்கிறது, நேராகவோ கீழாகவோ தள்ளினால் அதற்குள் போய்விடும். முதலில் நுனியை மேல்நோக்கிச் சாய்த்துத் தள்ளுங்கள், தடுத்த இடத்தில் இடப்பக்கமாகத் திருகுங்கள், லேசாக இழுத்தால் வரக் கூடாது, அப்போது பூட்டிவிட்டது என்று அர்த்தம். விந்தைப் பிதுக்காதீர்கள், பன்றியே உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று, பன்றி விந்தை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். அதற்கு 16, 17 டிகிரி வேண்டும், நம் ஊர் வெயிலில் அதுவே பெரிய பாடு.

சரி, நேரத்துக்கு வருவோம். 21 நாளுக்கு ஒரு தடவை பருவம் வரும். அறை சிவந்து வீங்கியதைப் பார்த்ததும் கிடாவை அவிழ்த்து விடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம். அந்தச் சிவப்பு வெறும் முன்னறிவிப்பு, அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் பன்றி கிடாவுக்கு அசையாமல் நிற்கும். (பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்றாலும், பருவமே வராத குட்டிக்குக்கூட அறை சிவந்து வீங்கும், ஏமாந்துவிடாதீர்கள்.) இடுப்புக்கு மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். கத்திக்கொண்டு ஓடினால் நேரம் வரவில்லை. காதை விறைத்துக்கொண்டு தூண் மாதிரி நின்றால் வந்துவிட்டது. எங்கள் நைனா அதன் மேல் உட்கார்ந்தே பார்ப்பார். கிடாவைக் கண்ணில் படுகிற தூரத்தில் கட்டிவிட்டு அழுத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நிற்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நாள் சொச்சம் பருவம் இருக்கும், அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகுதான் சினைமுட்டை இறங்கும். விந்துக்கு உள்ளே ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆயுசு, முட்டைக்கு அதைவிடக் குறைவு. அதனால் காலையில் நின்றால் அன்று சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை விடுங்கள். முதல் ஈற்றுப் பன்றிக்குப் பருவம் சீக்கிரம் முடிந்துவிடும், தாமதிக்காதீர்கள். சித்திரை வைகாசியில் மத்தியானத்தில் சேர்க்கவே கூடாது. பன்றிக்கு வியர்க்காது, சூடு ஏறினால் நின்ற கருவும் கரைந்துபோகும், சேர்த்த முதல் ஒரு மாதம் தண்ணீர் தெளித்து நிழலில் வையுங்கள், இடம் மாற்றி அலைக்கழிக்காதீர்கள்.

முதல் தடவை எட்டு மாதம் ஆகட்டும், 100 கிலோ தாண்டட்டும், முதல் பருவத்தை விட்டுவிட்டு இரண்டாவது மூன்றாவதில் கிடாவோடு சேர்த்துவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து தீனியைக் கூட்டினால் முட்டை அதிகம் இறங்கும், சேர்த்தபின் குறைத்துவிடுங்கள். பிரியாணிக் கடை மிச்சத்தையே கொட்டினால் கொழுப்புதான் ஏறும். கடைச் சோறு எதுவானாலும் கொதிக்க வைக்காமல் போடாதீர்கள், நோய் வந்தால் கொட்டகையே காலி. பால் கொடுத்து எலும்பாகப் போன தாயும் பருவத்துக்கு வராது. நல்ல உடம்பாக இருந்தால் குட்டி பிரித்த ஐந்தாறு நாளிலேயே வந்துவிடும்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் அவிழ்த்து விட்டு வளர்த்தால் எந்தக் கிடா, எந்தத் தேதி, ஒன்றும் தெரியாது. சேர்த்த தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதுங்கள். 18ஆம் நாளிலிருந்து 24 வரை தினமும் அழுத்திப் பாருங்கள், திரும்ப நின்றால் சினை இல்லை. நிற்காவிட்டால் 3 மாதம், 3 வாரம், 3 நாள் எண்ணிக்கொள்ளுங்கள், 114 நாள் வரும். 110ஆம் நாளுக்கு முன்பே தனித் தடுப்புக்கு மாற்றி வைக்கோல் போடுங்கள். காம்பைப் பீய்ச்சும்போது பால் வந்துவிட்டால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் கிடையாது.