கானாற்றில் எடுத்தது என்ன கல்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்டுக் கானாறுகளில் வெள்ளம் வடிந்ததும் எனக்குக் கல் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அமிர்தி, ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று பெரும்பாலும் ஜவ்வாது மலை அடிவாரத்துப் பிள்ளைகள்தான் அனுப்புவார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால், கல் பொறுக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நனைந்த கல் வேறு நிறம் காட்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கே எடுத்தது என்று குறிக்காமல் மூட்டை கட்டுவது

ஒரு தம்பி அரிசிப் பை நிறையக் கல் கொண்டுவந்தார். கொட்டிப் பார்த்தால் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), கருங்கல், ஜல்லி. நடுவே உள்ளங்கை நீளத்தில் கரிய கல் ஒன்று. ஒரு முனை மொண்ணை. மறு முனை இரு பக்கமும் தேய்த்துத் தீட்டப்பட்டு வழவழவென்று இருந்தது. உடம்பில் கொத்தி உருவாக்கிய சின்னச் சின்னக் குழிகள். புதிய கற்காலக் கோடரி! "எங்கப்பா எடுத்த?" என்றேன். "அமிர்தி பக்கம்ணா... இல்ல, ஒடுகத்தூர் பக்கமா இருக்கும். தெரிலண்ணா."

இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்தக் கோடரியின் வெட்டும் வாய் மழுங்கவே இல்லை. ஆற்றில் உருண்டு வந்திருந்தால் மழுங்கியிருக்கும். அப்படியென்றால் அது கிடந்த இடம் பக்கத்துக் கரையில்தான் எங்கோ இருக்கவேண்டும். இடம் தெரிந்திருந்தால், வெள்ளம் அறுத்த கரையில் பானை ஓடு தெரிகிறதா, சாம்பல் மண் தெரிகிறதா என்று நடந்து பார்த்திருக்கலாம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டிய இடமும் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த ஊர்தான். ஜவ்வாது மலைக் கிராமங்களில் இப்படிப்பட்ட கோடரிகளை இன்றும் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே இருப்பதை எடுக்கவே கூடாது. தம்பி கொண்டுவந்த கோடரியோ எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது.

கோடரிக்கு மட்டுமல்ல, சாதாரணக் கல்லுக்கும் இதே கதைதான். ஓடைக்கல் மேலே எங்கிருந்தோ வந்தது. கூர் முனையோடு இருந்தால் பிறந்த பாறை கிட்டத்தில், உருண்டையாக இருந்தால் தூரத்தில். அதே மாதிரிக் கல்லைப் பார்த்துக்கொண்டே ஓடையின் மேல்பக்கம் நடங்கள். எந்த இடத்துக்கு மேலே அது கிடைக்காமல் போகிறதோ, அங்கேயோ அதற்குச் சற்று மேலேயோ பக்கச்சரிவில் தாய்ப்பாறை இருக்கும். இடம் குறிக்காதவருக்கு இந்த வழியே கிடையாது.

எடுப்பதற்கு முன்பே பக்கத்தில் ஒரு பேனா வைத்துப் படம் எடுங்கள். போனில் இருக்குமிடத்தைச் சேமியுங்கள். கல்லில் பிளாஸ்டர் ஒட்டி எண் எழுதுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு நேரே ஓடை, கரை, பக்கத்து ஊர். அப்புறம்தான் பையில் போடவேண்டும். கோடரி போலத் தோன்றினால் படமும் இடமும் போதும், கல்லை நகர்த்தாமல் விஏஓவிடம் சொல்லுங்கள். எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ள வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கருப்பாக இருந்தால் விண்கல்

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். அதற்கப்புறம் நம் பக்கத்தில் கருப்புக் கல் எல்லாம் விண்கல் ஆகிவிட்டது.

காந்தம் ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். மேக்னடைட் என்ற இரும்புத் தாதிலும் ஒட்டும், பழைய இரும்பு உலைச் சிட்டத்திலும் (உருக்கும்போது மிஞ்சிய கசடு) ஒட்டும். சிட்டத்தில் காற்றுக் குமிழ் ஓட்டைகள் இருக்கும், விண்கல்லில் அநேகமாக இருக்காது. தரையில் பதிக்கும் ஓட்டின் (டைல்ஸ்) மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் மேக்னடைட், செங்காவிக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது. இரண்டுமே விண்கல் இல்லை.

மின்னுவதைத் தங்கம் என்பது

நகத்தால் ஏடு ஏடாகப் பிரிந்தால் காக்காப்பொன் (மைக்கா). தங்கம் பிரியாது, நசுங்கும்.

வெள்ளை எல்லாம் வெங்கச்சங்கல்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளப்பார்கள், வெங்கச்சங்கல்லின் கடினம் 7. கண்ணாடியைக் கீறும், கத்தியால் கீற முடியாது. சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 3தான், கத்தி சுலபமாகக் கீறிவிடும், பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கும். திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூரில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை உண்டு. கார்பனேட் நிறைந்த பாறைக்குழம்பு உறைந்து உண்டானது. பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்து ஓடையில் நுரைக்கும் வெள்ளைக்கல் கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சுத்தியல்

ஒன்றுதான் கிடைத்தது என்றால் உடைக்காதீர்கள். ஒரே மாதிரி நிறையக் கிடந்தால் ஒன்றை உடைத்து உள்முகத்தைப் பாருங்கள்.

காப்புக்காடு

உள்ளேயிருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. படம் எடுத்தால் போதும்.