சாரலில் நனையும் கேமரா: புதிதாகப் படமெடுப்போருக்கு

ஆனி பிறந்ததும் தென்காசியில் சாரல் தொடங்கிவிடும். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சட்டை ஈரம் என்கிற அளவுக்கு விழும் தூற்றல். மேகமும் வெயிலும் மாறி மாறி வர, தெரு முழுக்கக் கழுவி வைத்ததுபோல் இருக்கும். படமெடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரியாது. ஆனால் கேமரா வைத்திருப்பவர்கள் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவதும் அந்த நேரத்தில்தான். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இழுத்து மூடினேன்.

இப்போது என் சட்டைப் பையில் இருப்பது ஒலிம்பஸ் டிஜி-6. 2019இல் வந்த நீர்புகாச் சிறு கேமரா. பேட்டரி, கார்டுடன் 253 கிராம். சட்டைப் பை கொஞ்சம் தொங்கும். 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. 2023இல் இதன் அடுத்த வடிவமான டிஜி-7, ஒலிம்பஸுக்குப் பதில் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி பென்டாக்ஸ், ஃபியூஜிஃபிலிம் போன்றவர்களின் நீர்புகாக் கேமராக்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வெளிச்சத்தில், காய்ந்த இடத்தில், இன்றைய நல்ல கைப்பேசி எடுக்கும் படம் இதைவிடப் பளிச்சென்று இருக்கும். இதன் சென்சார், அதாவது உள்ளே படம் பதியும் சில்லு, கடுகளவு: ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். கல்யாண வீட்டில் தொழில்முறைப் புகைப்படக்காரர் வைத்திருக்கும் முழுச்சட்டக் கேமராவில் அது 36க்கு 24. எனவே படத்தரத்துக்காக இதை வாங்காதீர்கள். கைப்பேசியை வெளியே எடுக்கத் தயங்கும் இடங்களுக்காக வாங்குங்கள். ஈரக்கையால் தொட்டால் கைப்பேசித் திரை தன் இஷ்டத்துக்கு எதையோ திறக்கும். இதில் தொடுதிரையே கிடையாது, எல்லாம் பொத்தான்கள்.

1980களின் இறுதியில் ஜப்பானில் கோனிகா நிறுவனம் கட்டுமான வேலையிடங்களுக்கென்றே தூசியும் தண்ணீரும் புகாத ஃபிலிம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘கெம்பா கந்தோகு’. நம் பேச்சில் சொன்னால் ‘மேஸ்திரி’. இந்த வகைக் கேமராவை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

படி 1: கதவைப் பாருங்கள்

அமைப்புகளுக்கு வருமுன் பேட்டரிக் கதவைத் திறந்து உட்புறம் பாருங்கள். கதவைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஓடும். நீர்புகாத் தன்மை முழுவதும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துணியிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் கிடந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதற்கு முன் வைத்திருந்த கேமராவை ஒரு கிணற்றில் கொன்றேன். பேட்டரி மாற்றும்போது துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மாற்றினேன்; முடி ஒன்று விழுந்திருக்க வேண்டும். குதித்து எழுந்தபோது திரைக்குள் சிறிய அலை அடித்துக்கொண்டிருந்தது. கேமராவைக் குறை சொல்ல வாயே வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கதவை வீட்டில் மட்டும்தான் திறப்பேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துவிட்டு. வளையத்தையும் அது பொருந்தும் பள்ளத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். நூல் உதிராத துணியால் ஒருமுறை ஒற்றியெடுப்பேன். மூடிய பிறகு பூட்டைத் தள்ளி, சிவப்புக் குறி எதுவும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொள்வேன். டிஜி-6இல் சார்ஜ் ஏற்றும் துளைக்குத் தனிக் கதவு உண்டு. அதையும் மறக்கக் கூடாது. இந்த ரப்பரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பழைய கேமராவை வாங்குகிறீர்கள் என்றால், மாற்றும்வரை மழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முக்க வேண்டாம். பலமாகக் கீழே விழுந்த கேமராவுக்கும் இதே எச்சரிக்கை: விழுந்தது உடையவில்லை என்பதாலேயே அது தண்ணீரைத் தடுக்கும் என்றாகிவிடாது.

படி 2: கயிறு

கேமரா மிதக்காது, கல்லைப்போல் மூழ்கும். மிதக்கும் பட்டை தனியாகக் கிடைக்கிறது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் வாங்குங்கள்.

படி 3: ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடுங்கள்

பின்புறம் உள்ள சக்கரத்தைப் ‘பி’யில் வையுங்கள், வெளிச்சக் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதியும் நேரத்தை, நாமே நிர்ணயிக்கும் ‘எஸ்’, ‘எம்’ நிலைகள் இதில் இல்லை. அந்தக் குறையை ஐஎஸ்ஓவால், அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்ந்து உணர வேண்டும் என்று சொல்லும் எண்ணால், சமாளிக்கலாம், பிறகு சொல்கிறேன்.

தானியங்கி ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 1600இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் முகத்தில் உப்புமா ரவை தூவியதுபோல் புள்ளிகள் வரும். பிறகு கணினியில் திருத்தும் எண்ணம் இருந்தால் ரா (திருத்த வசதியான மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மழையில் பிளாஷை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்கு அருகில் விழும் துளிகளெல்லாம் வெள்ளை வட்டங்களாகப் படம் முழுக்க மிதக்கும்.

மேற்புறம் கட்டைவிரலுக்கு எட்டும் சிறு சக்கரம் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பப் பழகுங்கள். மேகமூட்டத்தில் வெள்ளை வானம் படத்தில் பாதி இருந்தால் கேமரா பயந்துபோய் ஆட்களை இருட்டாக்கிவிடும். ஒரு படி கூட்டினால் முகம் தெரியும்.

படி 4: முதல் வாரம் தண்ணீரே வேண்டாம்

புதுக் கேமராவை வாங்கியவுடன் வாளியில் முக்கிப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். முதல் வாரம் அடுக்களைக்கும் சந்தைக்கும் கொண்டுபோங்கள். தோசைக்கல்லுக்கு மேல் எழும் ஆவிக்குள் நீட்டுங்கள். மீன் கடையில் ஐஸ் உடைக்கும்போது அருகில் போய் நில்லுங்கள். செதில் தெறித்தால் தெறிக்கட்டும், வீட்டில் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம். கேமராவைக் காப்பாற்றும் கவலை கையிலிருந்து இறங்க இந்த ஒரு வாரம் தேவைப்படும்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் முன்கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். ஐந்து பத்து நிமிடம் கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகட்டும். அதுவரை ஒரு டீ குடிக்கலாம்.

படி 5: மழை

மழையை எதிரே நின்று எடுத்தால் மழை தெரியாது. துளிக்குப் பின்னால் வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்கும் பின்னால் இருட்டும் வேண்டும். டீக்கடையின் குண்டு பல்பு, வரும் பஸ்ஸின் முகப்பு விளக்கு, இவற்றுக்கு எதிர்ப்புறமாக நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/60 நொடி அளவில் இருந்தால் மழை கோடுகளாக விழும். 1/1000ஐ நெருங்கினால் தனித்தனித் துளியாக நிற்கும். வேகத்தை நேரடியாகச் சொல்ல முடியாததால், கோடு வேண்டுமானால் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்குங்கள், துளி வேண்டுமானால் 800க்கு ஏற்றுங்கள். திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

லென்ஸ்மேல் துளி நின்றால் ஒரு உதறு போதும். லென்ஸ் வெளியே நீளாமல் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் முகப்பு தட்டையாக இருக்கும்.

படி 6: பம்புசெட் தொட்டி

தண்ணீருக்குள் முதல் பாடம் படிக்க வயல்காட்டுப் பம்புசெட் தொட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர், தெளிந்த நீர், மேலே நேர்வெயில். தோட்டத்து அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, அருகில் இருப்பதுபோல் தெரியும்; லென்ஸின் பார்வை அகலமும் அதற்கேற்பச் சுருங்கும். எனவே ஜூமைத் தொடாமல் ஆளுக்கு அருகில் போங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பது எதுவும் துலங்காது. குழாயிலிருந்து விழும் நீர் எழுப்பும் குமிழிகளுக்குக் கீழிருந்து மேல்நோக்கி எடுத்துப் பாருங்கள். பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக எடுக்கும் படம் எல்லாருக்கும் ஆசை. லென்ஸ் மிகச் சிறியதாக இருப்பதால் நீர்மட்டக் கோடு தடித்த பட்டையாகப் படத்தை மறைக்கும். நூறு முயன்றால் ஒன்று தேறும், நான் விட்டுவிட்டேன்.

படி 7: அருவி

குற்றாலத்தில் பேரருவியின் நீர் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அப்படியும் தோளில் விழும் அடி லேசானதல்ல. 15 மீட்டர் என்பது அசையாத நீரில் அளந்த கணக்கு. கேமராவை அருவியின் நேர்வீச்சில் பிடிக்காதீர்கள், ஓரத்துச் சாரல் போதும். நீரைப் பட்டுபோல் மழமழப்பாக்க வேண்டுமானால், லென்ஸ் துளையின் அளவை நாமே சொல்லும் ‘ஏ’ நிலையில், ஜூம் செய்யாமல் காட்சியை அகலமாக வைத்து எஃப் 8 என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். டிஜி-6 அப்போது உள்ளே ஒரு கறுப்பு வடிகட்டியை இறக்கி வெளிச்சத்தைக் குறைக்கும், ஷட்டர் மெதுவாகும். கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு சங்கதி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கேமராவைத் தொடும்முன் கையைக் கழுவுங்கள். லென்ஸில் படிந்த எண்ணெய் எல்லா விளக்கையும் பூசணிக்காயாக்கிவிடும். அடுத்தது, குளிப்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, லென்ஸால் தொடாதீர்கள். சிறிய கேமரா யார் கண்ணிலும் படாது என்பது அதற்கு அனுமதியாகாது. நம் வீட்டு ஆட்களை எடுக்கும்போதும் பின்னணியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

படி 8: மைக்ராஸ்கோப் நிலை

இந்தக் கேமராவை நான் விற்காமல் வைத்திருப்பதற்கு மழையைவிடப் பெரிய காரணம் இதுதான். சக்கரத்தில் மைக்ராஸ்கோப் படம் போட்ட நிலைக்குத் திருப்பினால் லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் கூர்மையாக எடுக்கும். சிறிய சென்சாரின் குறை இங்கே வரமாகிறது: பெரிய கேமராவில் எறும்பின் கண் மட்டும் துலங்கும் இடத்தில், இதில் தலை முழுவதும் துலங்கும்.

முருங்கை இலையில் நிற்கும் சாரல் துளி, கருப்பட்டியின் உடைந்த பக்கம், வெற்றிலையின் நரம்பு, பத்து ரூபாய் நாணயம். காலை முழுவதும் அடுக்களையை விட்டு வெளியே வராமல் எடுக்கலாம். இவ்வளவு அருகில் போகும்போது கேமராவின் நிழலே பொருளின்மேல் விழும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி திரும்பிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் ஆனதும் மூச்சை அடக்கி, கேமராவை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தியபடி நான்கைந்து படம் எடுங்கள். அசையாத பொருளென்றால் ஃபோகஸ் ஸ்டாக்கிங் உண்டு: வெவ்வேறு ஆழத்தில் தானே பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தரும்.

படி 9: கழுவுதல்

தொட்டித் தண்ணீரோ மழையோ என்றால் துடைத்தால் போதும். திருச்செந்தூர் கடலில் குளித்துவிட்டு வந்தால் அப்படி விடக்கூடாது. கதவுகள் பூட்டியபடியே ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி, கேமராவைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உள்ளே இருக்கும்போதே ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அமுக்குங்கள். இடுக்கில் இருக்கும் உப்பும் மணலும் அப்போதுதான் வெளியேறும். சோப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம். மணல் போகும்முன் லென்ஸைத் துடைத்தால் கீறல் விழும்.

பிறகு பருத்தித் துணியால் ஒற்றி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். படங்களைப் பார்க்கும் அவசரத்தில் உடனே கதவைத் திறக்காதீர்கள், விளிம்பில் தேங்கிய ஒரு சொட்டு உள்ளே வழியும். எங்கள் வீட்டில் அது இரவு முழுவதும் சன்னல் ஓரத்தில், துவைத்த துண்டின்மேல் கிடக்கும். காலையில் காப்பிக்குப் பிறகுதான் கார்டை எடுப்பேன்.