கூட்டத்தில் தனிமை: விரல் கணுவில் ஒரு திக்ரு

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் காலை எட்டரைக்கு, திக்ரு (இறைவனை நினைவுகூரும் சொற்களை மீண்டும் மீண்டும் சொல்வது) எண்ண உதவும் தஸ்பீஹ் மணிமாலையை வெளியே எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரின் பைவாரில் சிக்கிக்கொள்ளும். எனக்குச் சிக்கியது, நூலும் அறுந்தது. அன்றிலிருந்து விரல்கள்தாம்.

கட்டைவிரல் எண்ணட்டும். மற்ற நான்கு விரல்களிலும் மூன்று மூன்று கணுக்கள், ஆக 12. ஆட்காட்டி விரலில் தொடங்கி இரண்டு சுற்று முடித்தால் 24. மூன்றாவது சுற்றில் சுண்டுவிரலை மட்டும் விட்டுவிட்டால் சரியாக 33. சுப்ஹானல்லாஹ் (அல்லாஹ் தூயவன்), அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே) இரண்டையும் 33 முறை சொல்வதால் இதே கணக்கு. அல்லாஹு அக்பர் (அல்லாஹ் மிகப் பெரியவன்) 34 என்பதால் சுண்டுவிரலின் முதல் கணுவையும் தொட்டுவிடுங்கள். கை சட்டைப் பையில் இருந்தாலும் எண்ணிக்கை தவறாது.

உதடு அசைய வேண்டியதில்லை. நக்ஷபந்தி தரீக்கா என்ற சூஃபி ஞானவழியில் மௌன திக்ருதான் வழக்கம். ‘கல்வத் தர் அஞ்சுமன்’, அதாவது கூட்டத்துக்குள் தனிமை என்பது அவர்களுடைய பயிற்சிகளில் ஒன்று. கிண்டியில் இறங்கும் கூட்டம் இடித்துத் தள்ளும்போது அதன் பொருள் நன்றாகவே விளங்குகிறது! மனம் அலுவலகத்துக்கு ஓடினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூச்சு உள்ளே போவதை மட்டும் கவனித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நோன்போடு ரயிலேறுபவர்களுக்கும் ஒரு குறிப்பு: திங்கள், வியாழன் சுன்னத் (நபிவழி) நோன்பு வைப்பவர்கள் ஸஹரில், அதாவது வைகறைக்கு முந்தைய உணவில், ஊறுகாயையும் கருவாட்டையும் தவிர்ப்பது நல்லது. சென்னை வெயிலில் பதினொரு மணிக்கே நாக்கு வறண்டுவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.