டரான்டுலாவின் உடம்பில் துளியா? தொடும் முன் பத்து நிமிடம் பாருங்கள்

டரான்டுலா என்பது முடியடர்ந்த பெரிய சிலந்தி. நான் வளர்க்கும் சுருள்முடி டரான்டுலாவின் பெயர் கருப்பி. போன வருடம் அவள் தோலுரித்த மறுநாள் காலையில், இடப்பக்க மூன்றாவது கால் மூட்டில் கடுகளவு தெளிந்த துளி ஒன்று மின்னியது. ரத்தம் கசிகிறது என்று நினைத்து, காது துடைக்கும் பட்ஸை எடுத்து ஒற்றினேன். பஞ்சு இழை காலில் இருந்த முடியில் சிக்கிக்கொண்டது. அவள் காலை உதறி இழுத்தாள். தோலுரித்த புதிதில் மேல்தோல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் இருந்த துளி தானாகவே காய்ந்திருக்கும். என் கைபட்ட பிறகுதான் உண்மையான கசிவு தொடங்கியது. கருப்பி பிழைத்துவிட்டாள். இன்னொருவர் வீட்டில் இது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கூண்டு அமைப்பது, இரை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நேராகத் துளிக்கு வருவோம்.

படி 1: கையில் இருக்கவேண்டியவை

ஒரு சின்ன டார்ச், கிட்டத்தில் படமெடுக்கும் போன், மிக மெல்லிய ஓவியத் தூரிகை (0 எண்), கொஞ்சம் கார்ன்ஃப்ளவர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. இவ்வளவு போதும். பட்ஸ், பஞ்சு, டிஷ்யூ எதையும் சிலந்தியின் மேல் வைக்காதீர்கள். தூரிகையைத் தவிர வேறொன்றையும் நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இனங்கள் பலவும் பயந்தால் பின்காலால் வயிற்று முடியைத் தேய்த்துப் பறக்கவிடும். அது கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. குனிந்து பார்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தியா, இலங்கைக் காடுகளின் பொயசிலோதீரியா வகைகளுக்கு அந்த முடி கிடையாது. ஆனால் மின்னல் வேகம், கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு. அவற்றைக் கூண்டுக்கு வெளியே நின்றே பாருங்கள்.

படி 2: எங்கே இருக்கிறது, என்ன நிறம்?

பின்பக்கம் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக, அல்லது தெளிந்த நீரில் வெள்ளைப் பொடி கலந்ததுபோல் இருந்தால் அது கழிவு. கவலை வேண்டாம். மரத்தில் வாழும் சில இனங்கள் இதைக் கண்ணாடிச் சுவர் வரை பீய்ச்சியடிக்கும்.

சாப்பிடும்போது வாயைச் சுற்றி ஈரம் இருப்பது இயல்பு. டரான்டுலா இரையின் மேல் செரிமான நீரை விட்டு, வெளியிலேயே கரைத்துத்தான் உறிஞ்சும். பயமுறுத்தப்பட்டால் நச்சுப்பல் நுனியில் தெளிந்த துளி நிற்கலாம். அது விஷம், விலகி நில்லுங்கள், சரியாகிவிடும்.

உடம்பெங்கும் பொடிப்பொடியாக மின்னினால் நீங்கள் தெளித்த தண்ணீர்தான். முடிமேல் முத்து முத்தாக நின்று பிறகு காய்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது கால் மூட்டிலோ வயிற்றிலோ தெரியும் ஒற்றைத் துளி. நான் சறுக்கியது இங்கேதான்.

படி 3: துளி வளர்கிறதா?

சிலந்தி ரத்தம் நீலம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். நம் ரத்தத்தில் இரும்பு உள்ள ஹீமோகுளோபின் செய்யும் வேலையை அதன் ரத்தமான ஹீமோலிம்ஃபில் செம்பு உள்ள ஹீமோசயனின் செய்கிறது. ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் கிட்டத்தட்ட நிறமே இல்லை. ஒரு கடுகளவுத் துளியில் அந்த நீலம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. "நீலமாக இல்லை, அதனால் ரத்தமில்லை" என்றும் சொல்ல முடியாது, "தெளிவாக வழிகிறது, அதனால் ரத்தம்தான்" என்றும் சொல்ல முடியாது. தோலுரிக்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் சுரக்கும் திரவமும் தெளிவாகத்தான் இருக்கும். மூட்டு மடிப்புகளில் அது தேங்கி நிற்கலாம்.

அதனால் நிறத்தை நம்பாதீர்கள். நேரத்தை நம்புங்கள்.

போனை ஒரே இடத்தில் சாய்த்துவைத்து ஒரு படம் எடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒன்று, பத்தாவது நிமிடம் இன்னொன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளி சிறுத்தால் அது தண்ணீர் அல்லது தோலுரிப்புத் திரவம். அப்படியே இருந்தால் இன்னும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பெருத்தாலோ, வழிந்து கீழே விழுந்த பிறகு உடம்பில் அதே இடத்தில் புதிதாக ஊறினாலோ அது கசிவு. கீழே விழுந்த துளியைத் தூரிகை நுனியால் தொட்டுப் பார்க்கலாம். ஹீமோலிம்ஃப் கொழகொழவென்று இழுபடும், அப்புறம் ஜெல்லிபோல் உறையும்.

கூடவே நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். டரான்டுலாவுக்குக் காலை மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்ட ஹீமோலிம்ஃபின் அழுத்தம்தான். ரத்தம் குறைந்தால் அழுத்தம் குறையும், கால்கள் வயிற்றுக்கு அடியில் சுருளத் தொடங்கும். துளி சிறியதாக இருந்தாலும் கால்கள் உள்ளே சுருண்டால் அதை ஆபத்தாகவே எடுங்கள். மல்லாந்து படுத்திருந்தால் கதை வேறு: தோலுரிக்கிறது. டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 4: கசிவுதான் என்றால்

காலில் என்றால், தூரிகை நுனியில் கார்ன்ஃப்ளவரைத் தொட்டு, காயத்தின் மேல் மட்டும் உதிருங்கள். தேய்க்க வேண்டாம். ஈரமானால் மறுபடியும் உதிருங்கள். கருப்பிக்கு நான்கு முறை தேவைப்பட்டது. வயிற்றின் அடிப்பக்கத்தில் இரண்டு ஜோடிப் புத்தக நுரையீரல்கள் (தாள் அடுக்குபோல் இருக்கும் மூச்சு உறுப்புகள்) உள்ளன. மாவு அந்தப் பக்கம் போகக்கூடாது.

சூப்பர் குளூ வைப்பவர்கள் உண்டு. மாவுக்கு நிற்காத காயத்துக்கு மட்டும் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வேன். மூட்டில் பசை ஒட்டினால் அடுத்த தோலுரிப்பில் கால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். சில சமயம் சிலந்தியே அடிபட்ட காலைக் கழற்றிவிடும். அதைத் தடுக்கவும் வேண்டாம், நீங்களாக இழுக்கவும் வேண்டாம். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் திரும்ப வளரும்.

வயிற்றில் கிழிசல் என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். டப்பாவில் மெதுவாக நடக்கவிட்டு, அயல்விலங்கு பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இங்கே இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எண்ணை இன்றைக்கே தேடிக் குறித்துவையுங்கள்.

பிறகு தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும், இருட்டாக விடுங்கள், இரை வேண்டாம். ஈரக் காகிதம் போட்ட டப்பாவில் அடைக்கும் பழைய வழக்கத்தை நான் ஏற்கவில்லை. புழுக்கமும் பூஞ்சையும்தான் மிச்சம். தண்ணீர் தேவையென்றால் வாய்ப்பக்கம் கிண்ண விளிம்பில் படும்படி, வயிறு வெளியே இருக்கும்படி வையுங்கள்.

படி 5: வாயில் வெள்ளையாக, கெட்டியாக

சாப்பிடாத நேரத்தில் வாயைச் சுற்றி வெள்ளைப் பசையோ நுரையோ இருந்து, இரையும் எடுக்காமல், கால்நுனியில் நிற்பதுபோல் நடந்தால் உருளைப்புழுவைச் சந்தேகியுங்கள். 2022இல் டரான்டுலாவைத் தாக்கும் ஒரு உருளைப்புழுவுக்கு டரான்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். உறுதியான சிகிச்சை இல்லை என்பதுதான் வருத்தம். அந்தக் கூண்டைத் தனி அறைக்கு மாற்றுங்கள். அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம். மற்றவற்றுக்கு இரை போட்ட பிறகு கடைசியாக அதைப் பாருங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள்.

பின்சேர்க்கை 1: "சோளமாவு போட்டேன், நிற்கவில்லை" என்று ஒரு வாசகி எழுதினார். கேட்டால், தோசைக்கு அரைத்த வெள்ளைச் சோள மாவு. அது கரகரப்பானது. நான் சொன்னது மக்காச்சோளத்தின் ஸ்டார்ச், கிரேவி கெட்டியாக்கப் போடும் வழவழப்பான வெள்ளைப் பொடி. அதனால்தான் மேலே எல்லா இடத்திலும் கார்ன்ஃப்ளவர் என்று மாற்றிவிட்டேன்.

பின்சேர்க்கை 2: தோலுரித்த எத்தனை நாளில் இரை போடலாம் என்று பலர் கேட்கிறார்கள். நாளை எண்ணாதீர்கள், பல்லைப் பாருங்கள். நச்சுப்பல் முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. நன்றாகக் கறுக்கும்வரை பூச்சி வேண்டாம். மென்தோலில் ஒரு வெட்டுக்கிளி கடித்தாலும் மறுபடியும் படி 4தான்.

பின்சேர்க்கை 3: கருப்பி போன மாதம் மறுபடி தோலுரித்தாள். இரண்டு மூட்டுகளில் துளி இருந்தது. படம் எடுத்தேன். பத்தாவது நிமிடத்தில் ஒன்று பாதியாகச் சிறுத்திருந்தது, மற்றது காணோம். கூண்டைத் திறக்கவே இல்லை.